தவளையின் முகவரி

தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டுகிறவர்கள் அவற்றுக்கு வாய் வைக்கும்போது என்னை நினைத்துப் பார்ப்பதில்லை. தொட்டி கழுவுகிற தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே ஒரு முறை உள்ளே இறங்க முயன்றேன். தொப்பைவரை போனேன். அதற்கப்புறம் போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. என்னைப் பிடுங்கி எடுக்கக் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அதில் ஒருவர் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மூடி கச்சிதமா இருக்கே, இதை எதுக்கு எடுக்கணும்?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் மூடி. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இறங்குகிற ஆள் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குத் தவளை என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் கேட்டால் நீச்சல் என்பான். அவன் அக்காவைக் கேட்டால் கண் என்பாள். கிளினிக், விடுதி, பேக்கரி, அடுக்குமாடி என்று எங்கே போனாலும் "தவளையும் மூடியும் வந்தாச்சு" என்பார்கள். தவளை முதலில், மூடி அப்புறம். அது நியாயம்தான். ஆர்டர் பிடிப்பது, மெயில் போடுவது, தேதி சொல்வது, இறங்கிக் கழுவுவது எல்லாம் அவன். தொட்டியின் அடியில் கிடக்கிற சீப்பு, கோலிக்குண்டு, ஒற்றைக் கம்மல் இவற்றையெல்லாம் பொறுக்கி வந்து, துடைத்து, மொட்டைமாடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் கிளம்புவான். நான் கயிறு பிடிப்பேன்.

கயிறு பிடிப்பதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். மூடிக்கிடந்த தொட்டியில் காற்று எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு ஒரு முனை, மேலே நிற்கிறவன் கையில் மறுமுனை. மேலே நிற்கிறவன் அடிக்கடி குனிந்து "சத்தம் குடு" என்று கூப்பிட வேண்டும். கீழே இருக்கிறவன் துடைப்பக்கட்டையால் சுவரில் தட்ட வேண்டும். வாயால் பதில் சொன்னால் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிக் கூழாகி வரும். தட்டுதான் தெளிவாகக் கேட்கும். இரண்டு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன். ஒரு தட்டு என்றால் போதும், மேலே இழு. தட்டே வராவிட்டால் யோசிக்காமல் இழு. எங்கள் மொழியில் அவ்வளவுதான் சொற்கள்.

எத்தனையோ தொட்டிகளிலிருந்து நான் இழுக்காமலே ஏறி வந்தவன், நல்ல காற்றோட்டமான அறையில் ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்தான், எழுந்திருக்கவேயில்லை. பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கையில் கயிறுதான் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் தட்டல் கேட்க ஆரம்பித்தது. குளியலறைக் குழாய்க்குள் டக் டக். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்தினால் டக் டக். ஒருநாள் பல் டாக்டர் என் கடைவாய்ப்பல்லை ஏதோ கருவியால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தபடியே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தவளையின் இடத்துக்கு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பயமில்லாதவர். ஒரே சிக்கல், தட்டமாட்டேன் என்றுவிட்டார். கழுத்தில் விசிலோடுதான் இறங்குவார். நான் சத்தம் குடு என்றால் இரண்டு விசில் வரும். அப்புறம் அடியாழத்திலிருந்து, "போலாம், ரைட்" என்று ஒரு குரல். எங்கே போவது என்று கேட்டுப் பழக்கமில்லாததால் நானும் ரைட் என்பேன்.

ஆனால் அவரை இறக்குவதற்குத் தொட்டி கிடைக்கவில்லை. வருஷக்கணக்காக எங்களைக் கூப்பிட்ட இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மௌனமாகிவிட்டன. தவளை போனான், ராசி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வேலை என்னவென்றால் ஸ்டூலில் உட்காருவது. அதற்கு என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. மழை தொடங்குவதற்குள் ஆர்டர் வராவிட்டால் பம்பையும் வண்டியையும் விற்றுவிட்டு ஸ்டூலுக்குப் போய்விடுவது என்று நானும் என் மனைவியும் பேசி வைத்தோம். பேசி வைத்தோம் என்றால் நான் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே பாத்திரத்தை அடுக்கினாள்.

எங்கள் மகள் வேறு ஊரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறாள். முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு மெயில் எழுதுவதுதான் அவள் வேலையே. அவள்தான் சொன்னாள், ஊரிலுள்ள கிளினிக்குகள், விடுதிகள், கடைகளுக்கெல்லாம் நாமே மெயில் போடலாம் என்று. எழுதுவதைவிட முக்கியம், எந்த முகவரியிலிருந்து போகிறது என்பதாம். வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். பம்பும் குழாய்ச் சுருளும் கிடக்கிற அந்த அறையில், குளோரின் கேனின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவும் மகளுமாக முகவரிக்குப் பெயர் தேடினோம்.

'இன்ஃபோ' என்று வைக்கலாமா என்றேன். அது ஆளில்லாத வீட்டுக் கதவு மாதிரி, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றாள். 'சேல்ஸ்' என்றால் வாசலில் பை மாட்டிக்கொண்டு நிற்கிறவன் முகம் ஞாபகம் வருமாம். பதில் போடாதீர்கள் என்று பெயரிலேயே சொல்கிற முகவரியும் ஒரு வகை உண்டாம். அதை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. 'மேனேஜர்' எனக்குப் பிடித்திருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி, "யாருங்க அந்த மேனேஜர்? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். மேனேஜர் அங்கேயே ராஜினாமா செய்தார்.

"நிஜமான ஆள் பேர் இருந்தாத்தான்பா நம்பிப் படிப்பாங்க," என்றாள் மகள்.

மூடி என்று வைப்போமே என்றேன்.  "மாமா முகவரி இருக்கேப்பா" என்றாள். அது பல வருஷமாகப் புழங்கிய முகவரி. ஊரில் அத்தனை பேருடைய பெட்டிக்கும் அது தெரிந்த முகம். குப்பைக்குப் போகாமல் நேராக உள்ளே போய் உட்காரும். பாஸ்வேர்டைத் தானே மாற்றித் தருவதாகவும், அம்மா மட்டும் சரி என்றால் போதும் என்றும் சொன்னாள்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. என் மனைவி கையைத் துடைத்தபடி நிலைப்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குளோரின் கேன் மேலிருந்த போனைப் பார்த்துச் சொன்னாள்.

"என் தம்பி பேர்ல யாருக்கும் ஒரு எழுத்து போகக்கூடாது."

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மகள் உடனே பேச்சை மாற்றி, புதிதாகவே ஒன்று திறந்துவிடலாம் என்றாள். பழைய கணக்கோடு ஒட்டாமல் தனியாக இருக்கட்டும், நாலு பேர் குப்பை என்று ஒதுக்கினாலும் நம் பில்கள் போகிற முகவரி கெடாது. பெயர் 'வணக்கம்'. யாருடைய பெயரும் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. எல்லோரும் சரி என்றோம்.

ஆனால் புது முகவரியை எடுத்த எடுப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பக்கூடாதாம். முதலில் அதைச் சூடேற்ற வேண்டுமாம். அடுப்பிலா என்று கேட்டேன். தெரிந்தவர்களுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுது, அவர்கள் பதில் போடட்டும், போக்குவரத்து இருந்தால்தான் இது ஆள் இருக்கிற வீடு என்று மெயில் கம்பெனிகள் நம்பும் என்றாள். சரியென்று உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் பட்டியல் என் உடம்பைப்போல இல்லை, ஒல்லியாக இருந்தது. பெரியப்பா மகனுக்கு எழுதினேன். "யாரு நீ? என் நம்பரை யார் குடுத்தா?" என்று பதில் வந்தது. பல் டாக்டருக்கு எழுதினேன். அடுத்த வாரம் வரச்சொல்லி அவருடைய இயந்திரம் பதில் போட்டது. மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

அடுத்தது தையல்காரருக்கு என்று முதல் எழுத்தைத் தட்டினேன். கம்ப்யூட்டர் மீதியைத் தானே நிரப்பியது. தையல்காரர் இல்லை, தவளை.

அழித்திருக்கலாம். விரல் அங்கேயே நின்றது. என்ன எழுதுவது என்று யோசிக்கவுமில்லை. அவனைப் பார்த்து நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதானே. 'சத்தம் குடு' என்று அடித்து அனுப்பிவிட்டு டீயை எடுத்தேன்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது.

'டக் டக்.'

கம்ப்யூட்டரை அணைத்தேன். அணைத்த பிறகு, அவன் முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. மறுபடி போட்டேன். அந்த இரண்டு சொற்களும் அங்கேயே இருந்தன. பட்டப்பகல். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் குழாய்ச் சுருளுக்குப் பின்னால் அவனுடைய ரப்பர் பூட்ஸ் நின்றன. அதில் கால் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. எழுந்துபோய் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இல்லை.

பேய்க்குப் பயப்படுகிறவன் நான். ஆனால் முதலில் சந்தேகம்தான் பட்டேன். மகளுக்குத் தட்டு விஷயம் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியும், ஆனால் அவரிடம் இருப்பது பொத்தான் போன், அவருக்குத் தட்டுவதும் பிடிக்காது. அவர் என்றால் இரண்டு விசில் வந்திருக்கும். மனைவி, தம்பி பேரில் ஒரு எழுத்து போகக்கூடாது என்று சொன்னவள். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடி அனுப்பினேன். 'சத்தம் குடு.' வந்தது. 'டக் டக்.' அதற்கு மறுநாளும். அவனிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்க எங்கள் மொழியில் சொல் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்கிறான், போதும். வீடு அடங்கியிருக்கும் அந்த நேரத்தில், இரண்டு சுவர் தள்ளிப் பாத்திரம் அலசுகிற சத்தம் கேட்க, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பிடரி சில்லிடும். ஆனாலும் அந்த நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருப்பேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வெளியே சொன்னால் தட்டு நின்றுவிடுமோ என்று பயம்.

மகள் கூப்பிட்டாள். முகவரி பிரமாதமாகச் சூடாகியிருக்கிறது, இவ்வளவு ஒழுங்காக யார் பதில் போடுகிறார்கள் என்று கேட்டாள். பழைய நண்பன் ஒருவன், அவனுக்கு வேறு வேலையில்லை என்றேன். அவரை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தால் நல்லது என்றாள். எனக்கு ஒருத்தனே தாங்கவில்லை.

பிறகு வணக்கத்திலிருந்து ஊருக்கு எழுதினோம். கிளினிக்குகள், பேக்கரிகள், இரண்டு கல்யாண மண்டபம். பதிலே இல்லை. கடைசியில் ஒன்று வந்தது, பெண்கள் விடுதி வார்டனிடமிருந்து. நன்றி தெரிவித்திருந்தார். தங்கள் தொட்டியைத் தவளை என்பவர் பல காலமாகப் பார்த்துக்கொள்கிறார், தற்சமயம் அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, அவருக்காகக் காத்திருக்கிறோம், வேறு ஆள் தேவையில்லை என்று எழுதியிருந்தார்.

தொழிலில் போட்டி வரும் என்று தெரியும். இந்தத் திசையிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

நேரில் சொல்லிவிடலாம் என்று கண்டக்டரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு விடுதிக்குள் போனேன். வார்டன் அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மூடி மட்டும் வந்திருக்கு, தவளை எங்க?" என்றார். இரண்டு தடவை மெயில் போட்டும் பதில் இல்லை, பெரிய ஆளாகிவிட்டானா என்று கேட்டார். போன தடவை அவன் கண்டெடுத்த மோதிரத்துக்கு ஒரு பெண் இன்னும் நன்றி சொல்லக் காத்திருக்கிறாள் என்றார். நான் வாயைத் திறந்தேன். உள்ளே இருந்து வந்தது வேறு.

"கொஞ்சம் வேலையா இருக்கான்."

வெளியே வந்ததும் கண்டக்டர் என்ன ஆச்சு சார் என்றார். போட்டி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

கிடங்குக்காரருக்குத் திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்தேன். முதன்முறையாக எங்கள் மொழியைத் தாண்டி அவனுக்கு எழுதினேன். விடுதியில் உனக்காகக் காத்திருக்கிறார்கள், ஊரே உனக்காகத்தான் காத்திருக்கிறது போலிருக்கிறது, உன் பேரில் அனுப்பினால்தான் தொழில் நிற்கும், உன் அக்கா வேண்டாம் என்கிறாள், நீ சொல். 'அனுப்பவா? சரின்னா ரெண்டு தட்டு.'

டீ ஆறியது. மேலே ஆடை படிந்தது. பதில் இல்லை. தட்டு வராவிட்டால் இழுக்க வேண்டும். எதை இழுப்பது என்று தெரியாமல் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குழாய்ச் சுருளிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. அப்போது வந்தது.

'டக்.'

ஒன்றுதான். இன்னொன்று பின்னால் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தட்டு தட்டியதே இல்லை. இரண்டு கையும் தாமாகவே முன்னால் நீண்டு, இல்லாத கயிற்றைப் பிடித்தன. அந்தக் கோலத்தில் நிற்கும்போதுதான் அது காதில் விழுந்தது. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தமோ, கையில் படுகிற சத்தமோ இல்லை; வெறும் சிங்க்கில் நேராக விழுந்து ஓடுகிற சத்தம். எங்கள் வீட்டில் தண்ணீர் அப்படி ஓடாது.

உள்ளே போனேன். என் மனைவி தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு போன். மூலையில் விரிசல், அதன்மேல் நீல டேப். அவனுடையது. சிம் எப்போதோ செத்துப்போன அந்த போனை அவள் பாத்திர அலமாரிக்குப் பின்னால் சார்ஜ் போட்டே வைத்திருக்கிறாள். வீட்டு வைஃபையில் மெயில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் குழாயை மூடினேன். பிறகு அவள் பக்கத்தில், என் உடம்புக்கு ஆகிற காரியமில்லைதான், தரையில் உட்கார்ந்தேன்.

"முதல் நாள்லேருந்தா?"

தலையாட்டினாள்.

"யாருக்கும் ஒரு எழுத்து போகக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

"யாருக்கும்னுதான் சொன்னேன். நீங்க யாரோவா?"

 அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பதில் வரலைன்னா நீங்க இழுப்பீங்க. அதானே உங்க சட்டம். இழுத்தா வெறுங்கயிறு வரும். அதை நீங்க பார்க்க வேண்டாம்னு தட்டினேன். ஒரு தடவைதான்னு நினைச்சேன். நீங்க தினமும் வந்து நின்னீங்க."

பிறகு பெட்டியைத் திறந்து காட்டினாள். கிளினிக் எழுதியிருந்தது. பேக்கரி எழுதியிருந்தது. விடுதி இரண்டு முறை. அடுக்குமாடிச் சங்கம், 'தவளை, தண்ணியில வாசம் வருது, எப்ப வர்றே' என்று கேட்டிருந்தது. வரமாட்டேன் என்கிற ராசியைத் தேடி நான் முன்னறையில் உட்கார்ந்திருக்க, ஆர்டர்கள் இரண்டு சுவர் தள்ளிப் பாத்திரங்களுக்குப் பின்னால் வந்து அடைந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாமலில்லை. கிடங்கு ஸ்டூலைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் அவள் இதைத்தான் கையில் பிடித்திருந்திருக்கிறாள்.

"இவங்களுக்கெல்லாம் அவன் எங்கேயோ ஒரு தொட்டிக்குள்ள வேலையா இருக்கான்," என்றாள். "நான் பதில் எழுதினா அன்னிக்கே அவன் செத்துடுவான். ஒவ்வொருத்தருக்கா எழுதணும். எத்தனை தடவைங்க அவன் சாகணும்?"

அப்போதுதான் விடுதியில் நான் சொன்னதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு ஆர்டர் வாங்காமல் ஓடி வந்ததை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டு, "நீங்களுமா" என்றாள். அப்புறம் அது அழுகைதான் என்று தெரிந்தது.

கொஞ்சம் அடங்கியபின், இன்றைக்கு ஏன் ஒரு தட்டு என்று கேட்டேன்.

"சரின்னு சொல்ல மனசு வரலை. வேண்டாம்னு சொல்ல உங்க பாஷையில வழியில்லை." போனைப் புடவை முந்தானையால் துடைத்தாள். "அவனும் எவ்வளவு நாள்தாங்க உள்ளேயே இருப்பான். போதும்னு தோணிச்சு."

சனிக்கிழமை அவளே எழுதினாள். மகள் தொலைபேசியில் வரி வரியாகத் தலைப்பு, தொடக்கம், முடிவு என்று ஏதோ விதிகள் சொன்னாள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எழுதினாள். அவனுடைய முகவரியிலிருந்து, அவனுக்கு எழுதிய எல்லோருக்கும், ஒரே ஒரு மெயில்.

'நான் தவளையின் அக்கா. என் தம்பி போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டான். நீங்கள் எழுதியதையெல்லாம் நான்தான் படித்தேன். பதில் எழுத மனம் வரவில்லை, மன்னிக்கவும். அவனுக்கு இனி எழுத வேண்டாம். தொட்டிக்கு என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் வருவார்கள். தேவையென்றால் எனக்கு எழுதுங்கள்.'

நடுவில் மழைக்காலச் சலுகை என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அந்தச் சலுகை அப்படியே வாபஸ் ஆனது.

எனக்கு எழுதுங்கள் என்றால் எந்த முகவரிக்கு என்று மகள் கேட்டாள். வணக்கம் சூடாக இருக்கிறதே என்றேன். என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். அந்த முகவரியே இருக்கட்டும், ஆனால் திறந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற பெயர் மட்டும் மாறட்டும் என்றாள். 'தவளையின் அக்கா' என்று வைத்தோம். மகள் அங்கே ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல அனுப்புநர் பெயர் அவள் அலுவலகத்தில்கூட யாரும் கண்டுபிடித்ததில்லை என்றாள். அனுப்புகிற பொத்தானை நான் அழுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று என் மனைவியே அழுத்தினாள். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை.

பதில்கள் அன்றைக்கே வர ஆரம்பித்தன. பாதிப் பேர் தொட்டியைப் பற்றி எழுதவே இல்லை. சுவரில் அவன் வரிசையாக வைத்துவிட்டுப் போன பொருள்களைப் பற்றி எழுதினார்கள். பல் டாக்டர், தன் கிளினிக் தொட்டியிலிருந்து அவன் எடுத்துக்கொடுத்த குழந்தைகள் பல் துலக்கியை இன்னும் மேஜையில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். மனைவி ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். கிடங்குக்காரரிடம் திங்கட்கிழமை நான் வரவில்லை என்று சொன்னேன். ஸ்டூலைப் பார்க்காமலே பிரிந்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் ஆர்டர் விடுதி. வார்டன், அக்காவையும் கூட்டி வரச்சொல்லி எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் வேலையைப் பார்க்க வந்ததில்லை. மொட்டைமாடியில் ஏறியதும் தொட்டியின் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "உங்க மேல தப்பில்லை" என்றாள். கண்டக்டர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விசிலோடு இறங்கினார். நான் மண்டியிட்டுக் கூப்பிட்டேன். இரண்டு விசில், போலாம் ரைட். மறுபடி கூப்பிட்டேன், இரண்டு விசில். சுவர் பூராவும் தேய்த்து, சேறு அள்ளி, ஏறி வந்தார். ஒரு ஹேர்பின்னும் நீலப் பொத்தான் ஒன்றும் கொண்டுவந்து, எங்கே போடுவது என்று கேட்டார். என் மனைவி வாங்கித் துடைத்து மாடிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கண்டக்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தலை துவட்டப் போனார். அவிழ்த்த முனை நழுவித் தொட்டிக்குள் போய் விழுந்தது.

மறுமுனை என் கையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. குனிந்தேன்.

"சத்தம் குடு."

தொட்டி என் குரலைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தது. கண்டக்டர், "சார், நான் இங்கேதான்" என்று ஆரம்பித்தார். என் மனைவி கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். அவளும் என் பக்கத்தில் மண்டியிட்டாள். இரண்டு பேரும் அந்த இருட்டுக்குள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

தட்டு வராவிட்டால் இழுக்க வேண்டும். இழுத்தேன். எடையே இல்லாமல் சரசரவென்று வந்தது. ஈரமான முனை விளிம்பில் ஏறி என் முழங்காலில் விழுந்தது. என் மனைவி அதை எடுத்துப் பிழிந்தாள். முழங்கையில் சுற்றிச் சுற்றி, ஒழுங்காக ஒரு சுருளாக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூடுங்க," என்றாள்.

மூடினேன்.